எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேடு

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனை வானொலியில் பேச அழைத்தால் அவன் என்ன பேசுவான் என்பதை நீங்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவீர்கள். அதிகாலையில் எழுக, அன்றைய பாடத்தை அன்றே படிக்க, பெரியோர் சொற்கேட்க என்று மூன்று அறிவுரைகளைச் சொல்லிவிட்டு அமர்வான். அந்த மூன்றையும் முப்பத்துநான்கு ஆண்டுகள் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் சொல்லித் தீர்த்துவிட்டேன். இன்று அறிவுரைக்குப் பதிலாக, நான் மாணவனாக இருந்தபோது செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். அது தவறு என்று நான் உணர்வதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. உணர்த்தியது எங்கள் வகுப்புத் தோழர்களின் மறுகூட்டம் ஒன்று.

நான் பயின்றது கும்பகோணத்தில், காவிரிக் கரையில் அமைந்த அரசு கலைக் கல்லூரியில். 1854-ஆம் ஆண்டில் தோன்றிய பழைமையான கல்வி நிலையம் அது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே தமிழாசிரியராக இருந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்து வெளியிட்டதும் அப்பணியில் இருந்தபோதுதான். அவர் சென்னைக்கு மாறிச் சென்ற மறு ஆண்டு, 1904-இல், பதினாறு வயது இளைஞர் ஒருவர் உதவித்தொகை பெற்று அக்கல்லூரியில் சேர்ந்தார். அவர் சீனிவாச இராமானுஜன். இந்த இரு பெயர்களையும் எங்கள் காலத்து மாணவர்கள் எங்கே சென்றாலும் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். இரண்டாவது பெயருக்கு இப்பேச்சில் மீண்டும் வருவேன்.

நாங்கள் 1976-இல் கணித இளங்கலை வகுப்பில் சேர்ந்தோம். பள்ளியில் பதினொரு வகுப்பு, கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்பது அந்நாளைய ஏற்பாடு. பள்ளியில் மேனிலை வகுப்புகள் தமிழ்நாட்டில் 1978-இல்தான் தொடங்கின. கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல்தான் தோன்றியது. 1979-ஆம் ஆண்டு நாங்கள் பட்டம் பெற்று, ஆற்றில் மிதந்து வரும் இலைகள் மதகுக்கு மதகு பிரிவதுபோல ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்தோம். சிலர் வங்கிக்குச் சென்றனர், சிலர் இரயில்வேக்கு, சிலர் வருவாய்த் துறைக்கு. என்னைப் போன்ற சிலர் ஆசிரியர் பயிற்சி பெற்றுக் கையில் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டோம்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு என்பது எங்கள் எல்லோருடைய வாசலிலும் வந்து நின்றது. மாநில அரசுப் பணியில் ஓய்வு வயது அப்போது 58. அதனை 59 ஆக உயர்த்தியது 2020-இல், 60 ஆக உயர்த்தியது 2021-இல். ஆதலால் என்னைப் போன்றவர்கள் 2017-லேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். வங்கிகளிலும் மத்திய அரசுப் பணியிலும் இருந்தவர்களுக்கு வயது 60 என்பதால், அவர்கள் 2019-இல் வெளியே வரவிருந்தனர். வேலை நாட்களில் பழைய நண்பர்களை நினைக்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை. ஓய்வு நெருங்கும்போதுதான் நாற்காலியும் மேசையும் நம்முடன் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது தெரிகிறது. உடனே, வரக்கூடியவர் யார் என்று தேடத் தொடங்குகிறோம். அப்படித் தேடிய ஐந்து பேர் சேர்ந்து மறுகூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம். அந்த ஐவரில் நானும் ஒருவன்.

யார் யாரை அழைப்பது? நண்பர் ஒருவர் 1979-ஆம் ஆண்டுத் தேர்ச்சிப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் எங்கள் வகுப்பினர் இருபத்தைந்து பேர். அவர்களில் நால்வர் காலமாகிவிட்டனர். எஞ்சிய இருபத்தொருவரையும் தேடிப் பிடித்து, தொலைபேசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் அமைத்துவிட்டோம். இருவர் அயல்நாட்டில் இருந்தமையால் வர இயலவில்லை. மற்றப் பத்தொன்பது பேரும் 2019-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், பொங்கலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் கூடினோம். பட்டியல் முழுமையாகிவிட்டது என்று எங்களுக்கு மிகுந்த மனநிறைவு.

கல்லூரி முதல்வர் அன்புகூர்ந்து, எங்கள் பழைய வகுப்பறையில் ஒரு மணி நேரம் அமர இசைவு தந்தார். வயிறு பெருத்த பத்தொன்பது பேர் அந்த வாங்குப் பலகைகளுக்கும் மேசைகளுக்கும் இடையே நுழைந்து அமர்ந்த காட்சியை நீங்கள் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒருவருக்குக் கரும்பலகையைப் பார்க்க ஒரு மூக்குக்கண்ணாடி, கைப்பேசியைப் பார்க்க மற்றொன்று. வந்தவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ‘முன்னாள்’. முன்னாள் வட்டாட்சியர், முன்னாள் மேலாளர், முன்னாள் தலைமையாசிரியர். பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர், ஓய்வுக்குப் பின் தென்னந்தோப்பில் குடியிருக்க எண்ணியிருந்தவர். 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் அவர் தோப்பைத் தரையோடு சாய்த்துவிட்டிருந்தது. “நான் முன்னாள் தென்னந்தோப்புக்காரனும் கூட” என்று அவர் சொன்னபோது, சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாமல் அமர்ந்திருந்தோம்.

எங்கள் கணிதப் பேராசிரியரை அழைத்து வந்திருந்தோம். அவருக்கு அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தது. கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். தாள்கள் பழுப்பேறியிருந்தன. 1976-இல் எங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாள், தம் சொந்த வசதிக்காக அவர் எழுதி வைத்துக்கொண்ட பெயர் வரிசை அது. “வருகை எடுக்கலாமா?” என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

முதல் பெயரைப் படித்தார். “உள்ளேன், ஐயா” என்று ஒரு குரல் எழுந்தது. அறை முழுதும் சிரிப்பு. இரண்டாம் பெயர், “உள்ளேன், ஐயா.” மூன்றாம் பெயருக்குக் குரல் இல்லை. “காலமானார், ஐயா, 2011-இல்” என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பேராசிரியர் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். ஐந்தாம் பெயருக்கும் குரல் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேராசிரியர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த பெயர். இப்படியே போயிற்று. பதினான்காவது பெயர் என்னுடையது, சொன்னேன். பதினைந்தாவது பெயரைப் படித்தபோது என் நெஞ்சில் ஏதோ தைத்தது. எவரும் விடை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பத்தாறு பெயர்களையும் படித்து முடித்தார். விரல்விட்டு எண்ணினார். “பத்தொன்பது பேர் இருக்கிறீர்கள். நால்வர் இறந்துவிட்டனர். இருவர் வெளிநாட்டில். ஆக இருபத்தைந்து. மீதிப் பதினொருவர் எங்கே?” என்றார்.

எங்களில் ஒருவர், “அவர்கள் படிப்பை முடிக்கவில்லை, ஐயா. தேர்ச்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை” என்று விளக்கினார்.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் விடை தவறாக வந்தால், “எந்தப் படியில் பிழை?” என்று கேட்பாரே, அதே குரலில் பேசினார். “இறந்தவர்களைப் பற்றி ஆண்டு முதற்கொண்டு தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இருப்பவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே! தேர்ச்சிப் பட்டியல் என்பது வகுப்பை விட்டு வெளியே சென்றவர்களின் பட்டியல். வகுப்பில் இருந்தவர்களின் பட்டியல் சேர்க்கைப் பதிவேடு. இந்தக் கல்லூரியிலேயே ஒருவர் 1904-இல் சேர்ந்தார். கணக்கு ஒன்றிலேயே ஆழ்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டார், தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றது, கல்லூரியை விட்டுப் போனார். பின்பு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ இன்று நாடே கணித நாளாகக் கொண்டாடுகிறது. உங்கள் முறைப்படி அழைப்பு அனுப்பினால், இராமானுஜனுக்கு இங்கே அழைப்பு இல்லை.”

அறையில் அமைதி நிலவியது. அவரே மீண்டும் சொன்னார்: “விடுபட்ட பதினொருவரும் இராமானுஜன் ஆகியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அழைக்கப்படுவதற்கு ஒருவர் இராமானுஜனாக இருக்க வேண்டியதில்லை. உங்களோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்தார் என்பது போதும்.”

அன்று பகல் உணவில் வாழையிலை நிறையப் பண்டங்கள் இருந்தன. எனக்கு எதுவும் இறங்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்தாம் எண்ணுக்கு உரியவர் சுவாமிமலையைச் சேர்ந்தவர். கும்பகோணத்திற்கு மேற்கே, மிதிவண்டியில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடக்கூடிய ஊர் அது. செப்புத் திருமேனிகள் வார்க்கும் குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். இரண்டு ஆண்டுகள் என் பக்கத்து இடத்தில் அமர்ந்திருந்தார். வகுப்பில் கணக்கில் முதல்வர் அவர்தாம். நான் அவருக்கு நெடுந்தூரம் பின்னால். புகுமுக வகுப்பில் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு தடித்த இயற்கணித நூல் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நூலகத்தில் அந்நூலின் படிகள் இரண்டே. வகுப்பில் முப்பத்தாறு பேர். 1978 ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமை தந்துவிடுவதாகச் சொல்லி அந்நூலை நான் இரவல் வாங்கினேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினேன். மறு வாரமும் வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், மழையாக இருந்தது. மூன்றாம் வாரம் மழை இல்லை; மிதிவண்டியும் இருந்தது; ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஆயினும் போகவில்லை. ஏன்? போனால் நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே! இந்த எண்ணம் என் உள்ளத்தில் தெளிவான சொற்களாக அன்று எழவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே இருந்தது. அந்த நூலைப் படித்தே 1979-இல் முதல் வகுப்பில் தேறினேன். பின்பு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலாகிச் சென்றேன். ஒவ்வோர் ஊருக்கும் அந்நூலும் வந்தது. முதற்பக்கத்தில் நீல மையில் எழுதிய பெயர் அவருடையது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நான் ஆசிரியனானபின், என் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாட்கள் வராவிட்டால் அதன் வீட்டுக்குச் சென்று விசாரிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு வறுமையே பெருங்காரணம் என்று கண்டுதான் காமராசர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக அதை விரித்தார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. அரசாங்கமே காலியாகும் இடங்களைப் பற்றி இவ்வளவு கவலை கொள்ளும்போது ஆசிரியன் கவலைப்பட வேண்டாமா என்று இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சொற்பொழிவும் ஆற்றியிருக்கிறேன். ஊரார் பிள்ளைகளின் வீட்டுப் படிகளில் எல்லாம் ஏறினேன். என் பக்கத்து இடம் காலியானபோது மட்டும் ஏறவில்லை.

அன்று மாலையே பதினொரு பெயர்களையும் எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டோம். சுவாமிமலை என் பங்கு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை நூலைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கோயிலுக்கு அருகே விசாரித்ததும் வழிகாட்டினார்கள். தெருவின் கோடியில் ஒரு பட்டறை. நரைத்த தலையுடன் ஒருவர் தரையில் அமர்ந்து, மெழுகு உருவம் ஒன்றின் விரல்களைச் சூடேற்றிய கருவியால் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வாருங்கள், என்ன திருமேனி வேண்டும்?” என்றார். வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “நான் பதினான்கு” என்றேன்.

கருவியைக் கீழே வைத்தார். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “பதினான்கா? தலைமுடி எல்லாம் எங்கே போயிற்று உனக்கு?” என்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் என்னை ‘நீ’ என்று அழைத்தது அப்போதுதான் நிகழ்ந்தது.

என்ன நடந்தது என்பதை அவர் சுருக்கமாகச் சொன்னார். 1978-இல் அவர் தந்தையாருக்குக் கண் பார்வை குன்றிவிட்டது. வார்த்தெடுத்த செம்பில் உளி கொண்டு நகையும் புருவமும் தீர்க்கும் வேலைக்குக் கண்தான் முதல். முன்பணம் வாங்கிய திருமேனிகள் பாதியில் நின்றன. தம்பிமார் சிறுவர். மூத்தவர் பட்டறையில் அமர்ந்தார், அமர்ந்தவர் எழவில்லை.

அவருடைய தொழிலை நான் அன்றுதான் அருகில் பார்த்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். மேலும் மேலும் மண் பூசுகிறார்கள். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் உண்டான வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்துத் திருமேனியை எடுக்கிறார்கள். கரு உடைபடுவதால் ஒன்றைப் போல் மற்றொன்று வருவதில்லை. உயரத்துக்குத் தக்கவாறு ஒரு தென்னை ஓலை நறுக்கை வெட்டி, அதை மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். உத்தம தசதாளம் என்னும் அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 கூறுகள். மத்திம தசதாளத்தில் 120. முகத்துக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை என்று எல்லாம் கணக்கு. “கணக்கை விட்டுவிட்டேன் என்று நினைத்தாயா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் பையிலிருந்து நூலை எடுத்து வைத்தேன். மூன்றாம் வாரத்துக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இந்த நூல் அன்று என் கையில் இருந்திருந்தால் விற்றிருப்பேன். அந்த ஆண்டு வீட்டில் விற்கக்கூடியவற்றை எல்லாம் விற்றோம். ஆகவே அது உன்னிடம் இருந்ததும் நல்லதே.” சற்று நிறுத்தி மேலும் சொன்னார்: “நூலுக்காக நான் காத்திருக்கவில்லை. நீ வருவாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன்.”

இதற்கு விடை என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

அவர் நூலைப் புரட்டினார். ஓரிடத்தில் பழைய தென்னை ஓலை நறுக்கு ஒன்று அடையாளமாக இருந்தது. அந்நூலை எத்தனையோ முறை படித்த நான் அதை எடுத்தெறியாமல் விட்டிருந்தேன். அது முடிவிலித் தொடர்களைப் பற்றிய இயல். “இதற்கு மேல் நான் படிக்கவில்லை. நீ வாத்தியார் ஆயிற்றே, சொல்லிக் கொடு” என்றார்.

பட்டறைத் திண்ணையில் அமர்ந்து தொடங்கினேன். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் எண்களை முடிவின்றிக் கூட்டினால் என்ன ஆகும் என்றேன். அவர் புதிய ஓலை நறுக்கு ஒன்றை எடுத்தார். பாதியை வெட்டி வைத்தார். எஞ்சியதில் பாதியை வெட்டி அதனருகே வைத்தார். பிறகு அதில் பாதி. “வெட்டிக்கொண்டே போகலாம்; முடிவு வராது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் முதல் ஓலையைவிட நீளாது. கூட்டுத்தொகை ஒன்று” என்றார். கல்லூரியில் நான் பல வரிகளில் எழுதிய நிறுவலை அவர் ஓலையிலேயே முடித்துவிட்டார்.

அடுத்து, ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று செல்லும் தொடரைச் சொன்னேன். இதிலும் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. இதற்கும் எல்லை உண்டு என்றே அவர் நினைத்தார். “இல்லை” என்றேன். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். ஐந்தில் ஒன்று முதல் எட்டில் ஒன்று வரை நான்கும் சேர்ந்தால் மீண்டும் அரைக்கு மேல். ஒன்பதில் ஒன்று முதல் பதினாறில் ஒன்று வரை எட்டும் சேர்ந்தால் இன்னும் ஓர் அரைக்கு மேல். இப்படி அரை அரையாக எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆகவே கூட்டுத்தொகை எந்த எல்லையையும் கடந்துவிடும். மிக மெதுவாகத்தான் கடக்கும். பத்தைத் தாண்டுவதற்கே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் தாண்டும்.

அவர் விரல்களை மடக்கி இருமுறை சரிபார்த்தார். முகம் மலர்ந்தது. “இதைப் பேராசிரியர் என்று நடத்தினார்?” என்று கேட்டார். “நீ வராத திங்கட்கிழமையை அடுத்த வாரம்” என்றேன்.

மாணவ நண்பர்களே, மற்றப் பத்துப் பேரின் கதையையும் நீங்கள் கேட்பீர்கள். 2020 மார்ச்சு மாதத்தில் பொதுமுடக்கம் வருமுன் பதினொருவரில் எட்டுப் பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். இருவர் முன்னரே இறந்துவிட்டிருந்தனர். ஒருவரைப் பற்றிய செய்தி இன்றுவரை கிட்டவில்லை. கிடைத்த எல்லோரும் துன்பத்தில் உழன்றவர்கள் என்று எண்ணாதீர்கள். ஒருவர் படையில் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றிருந்தார். ஒருவர் மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்து மூன்று பிள்ளைகளைப் பட்டதாரிகள் ஆக்கியிருந்தார். ஒருவர் பின்னாளில் அஞ்சல்வழிப் படித்துப் பட்டமும் பெற்றிருந்தார். ஒருவர் மட்டும், “பழையதை ஏன் கிளறுகிறீர்கள்? எனக்கு விருப்பமில்லை” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லை மதித்துத் திரும்பினோம். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தேடிச் செல்பவர்களுக்குக் கதவு திறந்தேயிருக்கும் என்ற உறுதி இல்லை.

அடுத்த கூட்டத்தைப் பெருந்தொற்றினால் உரிய காலத்தில் நடத்த இயலவில்லை. 2023 சனவரி 22-ஆம் நாள் மீண்டும் கூடினோம். பேராசிரியர் 2021-இல் மறைந்துவிட்டார். அவருடைய மகளார் அந்தக் குறிப்பேட்டை எங்களிடம் ஒப்படைத்தார். யார் வருகை எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, எல்லோரும் பதினைந்தாம் எண்ணைப் பார்த்தோம். சுவாமிமலைத் தோழர் எழுந்து சென்று மேசை அருகே நின்று, முப்பத்தாறு பெயர்களையும் ஒன்றுவிடாமல் படித்தார். இறந்தவர் பெயர் வந்தபோது, அவரை அறிந்த ஒருவர் எழுந்து அவரைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். கண்டுபிடிக்க இயலாத தோழரின் பெயர் வந்தபோது, “தேடுகிறோம்” என்று எல்லோரும் சொன்னோம்.

இப்போது மாதம் ஒரு முறை நான் சுவாமிமலைக்குப் போகிறேன். நூல் அவரிடம் இருக்கிறது. முடிவிலித் தொடர்களை முடித்துவிட்டோம். அடுத்த இயல்களில் மெல்ல மெல்லச் செல்கிறோம். ஓய்வுக்குப் பின் பொழுது எப்படிப் போகிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு, எனக்கு ஒரு மாணவர் இருக்கிறார் என்று விடை சொல்கிறேன். சில நாட்களில் யார் மாணவர் என்பது மாறிவிடுவதும் உண்டு.

உங்கள் வகுப்பிலும் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. நாளை காலை அதில் ஒரு பெயருக்கு விடை வராமல் போகலாம். ஆசிரியர் ஒரு குறி இட்டுவிட்டு அடுத்த பெயருக்குச் செல்வார். முப்பது நாற்பது பேரை வைத்து நடத்துபவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்த மாணவருக்குப் பக்கத்து இடத்தில் இருப்பவர் ஒருவர் உண்டு. வீட்டை அறிந்தவர் அவர். தெருவை அறிந்தவர் அவர். முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். படிப்பைத் தொடரச் செய்ய உங்களால் முடியாமற் போகலாம். என் தோழருடைய தந்தையாரின் கண்ணை என்னால் மீட்டுத் தந்திருக்க முடியாது. ஆயினும் நடந்த பாடத்தைச் சொல்லியிருக்கலாம். வாங்கிய நூலைக் கொடுத்திருக்கலாம். திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம். ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதுவே பெரிது.

மூன்றாம் வாரம் வரை காத்திராதீர்கள். மூன்றாம் வாரத்தில் காரணங்கள் வந்துவிடும்.